சற்றன் ரீச்சரின் ஊர்

யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அம்மா முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த ஊர்? நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பார்க்டேலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா ஆகிய நால்வரும் இருந்தோம். தெருவில் ஒரு தமிழ் முகம் தெரிந்தால் போதும், அம்மா பேச்சுக் கொடுத்து ஊரைக் கண்டுபிடித்துவிடுவார். என் வகுப்பு ரீச்சரின் ஊர் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. வெள்ளைக்காரருக்கு ஊர் என்று ஒன்று கிடையாது என ஏறக்குறைய முடிவே கட்டியிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடுவதற்குச் சற்று முன்பு ரீச்சர் பெயர்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஒவ்வொருவரும் தங்கள் கடைசிப் பெயரின் பொருளைச் சொல்ல வேண்டும். பேக்கர் என்ற பையனின் முன்னோர் பேக்கரியில் பாண் சுட்டவர்களாம். என் முறை வந்தபோது, என்னுடையது அப்பாவின் பெயர் என்றேன்.

"அப்பாவின் கடைசிப் பெயர்?"

"அது அவருடைய அப்பாவின் பெயர்."

"அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர் எது?"

அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்றதும் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. ரீச்சர் உடனே சற்றன் என்ற தன் பெயரைக் கரும்பலகையில் எழுதி, நடுவே ஒரு கோடு போட்டார். முதல் பாதி பழைய ஆங்கிலத்தில் தெற்கு என்றார். மறு பாதி முதலில் வேலி அடைத்த வளவைக் குறித்து, பிறகு பண்ணையாகி, பிறகு ஊராகிவிட்டதாம். தெற்கூரிலிருந்து வந்தவனை மற்ற ஊரார் சற்றன் என்று கூப்பிட, ஊரின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது.

அன்று நான் வீட்டுக்கு ஓடியே வந்தேன். ரீச்சரின் ஊர் தெற்கூர் என்றதும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார்.

"எங்கட தென்மராட்சி மாதிரி," என்றார். நாங்கள் அந்தப் பகுதியின் சாவகச்சேரிக்காரர். தெற்கு என்று பெயரில் வந்தால் அதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

மாமா அப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கி, அதை ஓட்டக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். ஒன்ராறியோ வரைபடத்தை நிலத்தில் விரித்து, முழங்காலில் நின்று தேடினார். சிம்கோ ஏரிக்கு அருகில் உண்மையாகவே சற்றன் என்று ஓர் ஊர் இருந்தது. ஆனால் மாமாவின் நெற்றி சுருங்கியது.

"தெற்கூர் எண்டுறாய். உது வடக்கிலயல்லோ கிடக்கு."

"அதுக்கும் வடக்கால ஆக்கள் இருப்பினம்," என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையெடுக்காமல். "அவைக்கு உது தெற்கு."

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். அம்மா விடியவே எழுந்து புட்டு அவித்தார். விடுமுறைக்கு ரீச்சர் தன் ஊரில்தான் நிற்பார் என்று, அவருக்கென உறைப்பில்லாத வடை தனியாகச் சுட்டார். "அவவின்ர ஊருக்குப் போறம், வெறுங்கையோட போகேலாது." விலாசம் இல்லையே என்று அப்பா கேட்டதற்கு, ஊருக்குள் விசாரித்தால் யாரும் காட்டுவார்கள் என்றார்.

நகரம் பின்னால் போய் வயல்களும் குதிரைகளும் வரத் தொடங்கியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரீச்சர் கதவைத் திறந்து எங்களைப் பார்க்கும் முகத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். பிறகு ஊரின் பெயர்ப் பலகை வந்தது. என் ரீச்சரின் பெயரை அரசாங்கமே பெரிதாக எழுதி வீதியோரம் நட்டுவைத்திருந்தது. மாமா காரை நிறுத்த, நான் இறங்கி ஓடி அதன் காலைத் தொட்டுப் பார்த்தேன்.

பெற்றோல் நிலையத்தில் நின்ற வயதானவரிடம் மாமா, மிஸிஸ் சற்றனின் வீடு எது என்று கேட்டார். அவர் கழுத்தைச் சொறிந்தார்.

"இந்த ஊர்தான் சற்றன். ஆனால் சற்றன் என்று எனக்குத் தெரிய இங்கே ஒருவரும் இல்லையே."

அவர் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். ஐஸ் வாங்க வந்த ஒரு பெண்ணும் யோசனையில் சேர்ந்துகொண்டார். யாருக்கோ ஒரு சற்றன் பல்வைத்தியர் ஞாபகத்துக்கு வந்தார், ஆனால் அவர் வேறு ஊர். கொஞ்ச நேரத்தில் என் ரீச்சரைத் தேட அங்கே ஒரு சிறு கூட்டமே கூடிவிட்டது.

"சொந்த ஊரிலயே ஒருத்தருக்கும் அவவைத் தெரியேல்லை," என்று மாமா காதோடு சொன்னார். "என்ன சனம் இது."

எனக்கு அழுகை முட்டியது. அம்மா வடைப் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். பெரியவர் ஒன்றைத் தின்று, கேட்காமலே இன்னொன்றை எடுத்து, ஏரிக்குப் போகும் வழியைக் காட்டத் தன் வண்டியில் முன்னால் போனார். கரையில் இருந்து புட்டுச் சாப்பிட்டோம். அப்பா காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். மாமா அவருக்குத் தண்ணீர் அடித்தார். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள்.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்று ரீச்சரை வகுப்பு வாசலில் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எனக்கு முன்னால் குந்தி இருந்தார்.

"நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை. அது என் கணவருடைய பெயர். இங்கிலாந்தில் எத்தனையோ சற்றன்கள் இருக்கின்றன. அவருடைய ஆட்கள் எதிலிருந்து வந்தார்கள் என்று அவருக்கே தெரியாது." என் தலையைத் தடவினார். "ஆனாலும் எனக்காக நீ போய்ப் பார்த்தாய். அது போதும்."

அவருடைய வகுப்பறைக் கதவில் புதிதாக வேறொரு பெயர் ஒட்டியிருந்தது. மிஸ் வெப். அதுவும் தான்தான் என்றார். கலியாணத்துக்கு முன்பு இருந்த பெயராம். நெசவாளர் என்று பொருளாம். இனி எல்லோரும் அப்படியே கூப்பிட வேண்டுமாம்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னபோது அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

"தனியவோ இருக்கிறா?"

"தெரியாது. நல்லாச் சிரிச்சவ."

அம்மா கையைக் கழுவி, உழுந்தை எடுத்து ஊறப்போட்டார். நாளைக்கு ரீச்சருக்கு வடை கொண்டுபோ என்றார். எனக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. என் கோபமெல்லாம் வேறு. ஏரியும் கரையும் வீதிப் பலகையுமாக ஒரு முழு ஊரையே வைத்திருந்த பெயர் அது. அதைப் போய் யாராவது விடுவார்களா?