மனைவியை வெளியே உட்கார வைத்தேன்

விழிஞ்ஞத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பகலெல்லாம் கண் சொக்கியது. மனைவி என் குறட்டையைச் சொல்லிவிடுவாளோ என்று வெட்கப்பட்டு, அவளை டாக்டர் அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, அவரிடம் "தூக்கம் சரியில்லை" என்று மட்டும் சொன்னேன். தூக்க மாத்திரை கொடுத்தார்.

மறுவாரம் வண்டி ஓட்டும்போதே கண் மூடிவிட்டது. "அங்கிளே!" என்று பிள்ளைகள் அலறியதில் விழித்தேன். வேன் மதிலை உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை.

அடுத்த முறை மனைவியும் உள்ளே வந்தாள்.

"ஒறக்கத்துல இவருக்கு மூச்சே நின்னுபோவுது சாரே. தட்டி எழுப்புவேன்" என்றாள். என்னிடம் திரும்பி, "கொறட்டை ஊருக்கே தெரியும். பின்ன டாக்டர்கிட்ட என்ன நாணம்?" என்றாள்.

மூச்சு நிற்பவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்து என்று டாக்டர் அதை நிறுத்தி, தூக்கப் பரிசோதனைக்காக நுரையீரல் டாக்டரிடம் அனுப்பினார்.

இப்போது மூச்சு நிற்காமலிருக்க முகத்தில் மூச்சுக் கருவி மாட்டித் தூங்குகிறேன். டாக்டர் சரியென்று சொல்லும்வரை வேனைத் தொடமாட்டேன். ஆஸ்பத்திரியில் முதலில் அவளைப் பேச விடுகிறேன்.