கோடு போட்டு விட்ட இடம்

கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில் பஸ் ஆளேற்றிக்கொண்டிருந்தபோது என் தோழி ரஹமத்தின் கணவர் இக்பால் பாயிடமிருந்து அழைப்பு வந்தது. "அமுதாம்மா, முடிஞ்சிடுச்சிம்மா. சாயங்காலம் அஸர் தொழுவ முடிஞ்சதும் எடுக்கறோம். ஆபீஸ்காரங்களுக்கு நீயே சொல்லிடும்மா" என்றார். கடைக்குச் சரக்கு வந்து இறங்கிவிட்டது என்று சொல்வாரே, அதே குரல். ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணையிருந்த அவருக்கும் மகள் ஷபானாவுக்கும் கட்டிக்கொண்டுபோன இட்லி என் மடியில் சூடு ஆறாமல் இருந்தது. இனி அதை யாருக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நம் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டதும், "ரெண்டு நாள் காய்ச்சல்தானே, எப்படித் திடீர்னு?" என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். எனக்கு அது திடீரென்று வரவில்லை. முந்தைய நாள் மத்தியானமே வந்துவிட்டது. ஒரே ஓர் ஆங்கில வார்த்தையாக, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வைத்து வந்தது. அந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே உள்ளே படுத்திருந்தாள்.

ரஹமத்துன்னிசாவை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். வில்லியனூரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் இக்பால் பாயின் மனைவி. என் வயதுக்காரி. நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் குரல் பதிவுகளைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்தோம். முகம் தெரியாதவர்களின் கிட்னியும் கல்லீரலும் எங்கள் வழியாகத்தான் காகிதத்துக்குப் போயின. நான் பாகூரில் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவள். ஆங்கிலம் என்றாலே எனக்கு அப்போது பயம். ரஹமத்துக்கு அந்தப் பயமே கிடையாது. டாக்டர் கொட்டாவி விட்டால்கூட, "பாவம்டி, தூங்கவே இல்ல போல" என்பாள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. காதில் சரியாக விழாததை ஊகித்து எழுதக் கூடாது. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போக வேண்டும். டாக்டரே பிறகு பார்த்து நிரப்பிக்கொள்வார். விதி எல்லோருக்கும் தெரியும், ஆனால் கோடு அதிகமானால் மதிப்பெண் குறையும் என்பதால் பலர் குத்துமதிப்பாக எதையாவது எழுதிவிடுவோம். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், "உங்க ரிப்போர்ட்ல மட்டும் ஏம்மா இவ்ளோ கோடு?" என்று ரஹமத்திடம் எல்லோர் முன்னாலும் எகிறினார். அவள் ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "கேளுங்க சார். பதினஞ்சு மில்லிகிராமா, அம்பது மில்லிகிராமா? வாயில பன்னு வச்சிக்கினு சொல்றாரு. மாத்திரய நீங்க முழுங்கறதா இருந்தா சொல்லுங்க, ஏதாச்சும் ஒண்ணு எழுதிடறேன்." மேனேஜர் மூன்று முறை கேட்டுவிட்டு ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு உங்களுக்கு நினைவிருக்கும்.

பின்னாளில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நான் கேட்ட அந்த ஆங்கில வார்த்தையும் அப்படி ஒரு பதிவில்தான் வந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளி சாயங்காலம் 'கிரம்ப்' ஆனார் என்றார் டாக்டர். எங்களிடம் இருந்த மருத்துவ அகராதியில் அது இல்லை. நான் கோடு போடப் போனேன். "இருடி, இது காதுல நல்லாத்தான் வுழுவுது. நமக்குத்தான் தெரியல" என்று என் கையைத் தட்டிவிட்டாள். முதல் எழுத்து சி-யா, கே-யா என்பதிலிருந்து தொடங்கினாள். கே போட்டால் அது ஏதோ ஒரு நடனமாம், சி-தான் சரி என்று மத்தியானச் சாப்பாட்டின்போது அறிவித்தாள். நல்லாயிருந்த ஆள் கண்ணெதிரே மளமளவென்று மோசமாவதை அமெரிக்க டாக்டர்கள் தங்களுக்குள் அப்படிச் சொல்வார்களாம். அறிக்கையில் அதை அப்படியே போடக் கூடாது, "நோயாளியின் நிலை விரைவாகச் சீர்கெட்டது" என்ற பொருளில் மரியாதையான ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். "டாக்டரு கசங்கினதத் தருவாரு, நாம இஸ்திரி போட்டுக் குடுக்கணும்" என்றாள்.

எங்கிருந்து வந்த வார்த்தை என்று ஒரு வாரம் தேடினாள். எதையாவது நறுக்கென்று கடிக்கும் சத்தத்துக்கு அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னார்கள் என்றாள். முதல் உலகப் போரில் சிப்பாய்கள் குண்டு விழுந்து வெடிக்கும் சத்தத்துக்கு அந்தப் பெயர் வைத்திருந்தார்கள் என்றாள். ஜெர்மனில் வளைந்துபோனதைச் சொல்லும் வார்த்தை ஒன்று இதன் சாயலில் இருக்கிறது என்றாள். கடைசியில், "டாக்டருங்க ஏன் சொல்ல ஆரம்பிச்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியலடி. அங்க ஒரு கோடு" என்று முடித்துக்கொண்டாள். நம் ஊரில் இதற்கு என்ன சொல்வோம் என்று என்னைக் கேட்டாள். பொசுக்குன்னு போறது என்றேன். "போகல அமுதா. இன்னும் இருக்காரு. பாத்துக்கினு இருக்கும்போதே சாயறாரு. நாம ஒண்ணும் பண்ண முடியல. அதுதான் இது." அதற்குப் பிறகு ஆபீஸ் ஏசி நின்றாலும் கிரம்ப், வில்லியனூர் பஸ் வழியில் படுத்தாலும் கிரம்ப்.

பிறகு கணினியே கேட்டு எழுதத் தொடங்கியது. உங்களில் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஞ்சிய எங்களுக்கு அது எழுதியதைத் திருத்தும் வேலை. ரஹமத்துக்கு அதன்மேல் ஒரே ஒரு குறைதான். "இது கோடே போட மாட்டங்குதுடி. தெரியாதுன்னு சொல்லவே தெரியல இதுக்கு" என்று திரையைப் பார்த்துத் திட்டுவாள்.

அவளுக்குச் சர்க்கரை இருந்தது எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் வந்து, கிட்னியில் கிருமி என்று சேர்த்தார்கள். முதல் நாள் நான் போனபோது நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "வலி லெஃப்ட் சைடு சிஸ்டர். ரைட்டுன்னு எழுதி வச்சிருக்கீங்க. மொதல்ல அத மாத்துங்க." நர்ஸ் மாற்றி எழுதும்வரை ஊசிக்குக் கையை நீட்டவில்லை. நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். இப்படிச் சண்டை போடுகிறவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். வாசலில் நானும் இக்பால் பாயும் நின்றிருந்தோம். மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்று ரஹமத் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மகளை வரச் சொல்வதா, எழுதி முடிக்கட்டும் என்று விடுவதா என்று அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். அப்போது கதவு திறந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவராம் பெரிய டாக்டர். பக்கத்தில் வந்த இளம் டாக்டரிடம், "ஷீ இஸ் கிரம்பிங்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே எங்களைக் கடந்து போனார். இளம் டாக்டர் நின்று, "கொஞ்சம் சீரியஸ்தான். பாத்துட்டு இருக்கோம்" என்று எங்களுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

இக்பால் பாய் என் பக்கம் திரும்பினார். "பெரிய டாக்டரு இன்னா சொன்னாரும்மா?"

எனக்குத் தெரியும். அதன் எழுத்து தெரியும், பொருள் தெரியும், அது எந்தப் போர்க்களத்தைச் சுற்றி வந்தது என்றுகூடத் தெரியும். இத்தனை தெரிந்தும் உள்ளே போய் அவள் காலைப் பிடித்துக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை. ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேருக்கு அந்த நிலைமையை எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அவளுடைய கணவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. "சரியா காதுல வுழல பாய்" என்றேன். பிறகு, "பாப்பாவ வரச் சொல்லிடுங்க. பரீட்ச அடுத்த தரம் எழுதிக்கலாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளுக்குப் போனைப் போட்டார். ஷபானா வந்து சேர்ந்தபோது தாய்க்கு நினைவில்லை, கை மட்டும் சூடாக இருந்ததாம். விடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம்.

அவளுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் சடங்குக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, செருப்பை மாட்டும்போது இக்பால் பாய் வாசல்வரை வந்தார். "அன்னிக்கி டாக்டரு சொன்னது உனக்குக் காதுல வுழுந்துச்சு இல்லம்மா?" என்றார். மாட்டிய செருப்பைக் கழற்றினேன். அவரே தொடர்ந்தார். "எனக்கும் வுழுந்துச்சு. அந்த வார்த்த எனக்குத் தெரியும்மா. ஆபீஸ்ல எது கத்துக்கினாலும் வூட்டுக்கு வந்து சொல்லுவா. எங்க வூட்டு மிக்ஸி நின்னா கிரம்ப், கரண்ட்டு போனா கிரம்ப்."

"அப்புறம் ஏன் பாய் என்னக் கேட்டீங்க?"

"நீ வேற எதனா அர்த்தம் சொல்லிடுவியான்னுதான்மா."

பஸ் ஏறும்வரை எனக்கு அழுகை நிற்கவில்லை. பொய்யாகவாவது ஓர் அர்த்தம் சொல்லியிருக்கலாம். அவரும் பொய் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் பக்கத்து நாற்காலியில் அத்தனை வருடம் உட்கார்ந்தவள் என்னை அதற்குப் பழக்கவில்லை.

இப்போது அவள் நாற்காலியில் யாரும் இல்லை. கணினி தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் எழுதித் தள்ளுகிறது. சந்தேகமான இடங்களை அழித்துவிட்டு நான் கோடு போடுகிறேன். அன்று அந்த வாசலில் இக்பால் பாய்க்கு நான் போட்ட கோடு மட்டும் நிரப்பாமல் அப்படியே இருக்கிறது. என்ன எழுத வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும், எழுத இருவருக்குமே கை வரவில்லை. ரஹமத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோடுதான்.