மேஸ்திரி அண்ணாச்சியின் வலது கை

“…அடுத்தவன் வீட்டுக் கதவைத் தப்பாத் தட்டிட்டோம்னு தன் கையவே வெட்டிக்கிட்டான் பாண்டிய ராசா. இன்னைக்கு எவன் இருக்கான் அப்பிடி, சொல்லுங்க பாப்போம்?” என்பார் மேஸ்திரி அண்ணாச்சி. இன்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் முழங்காலுக்குப் புதுக் கட்டுத்துணியைப் பிரித்ததும், வெளுப்பு மருந்து நெடியோடு அவர் குரலும் வந்துவிட்டது.

இராஜபாளையத்தில் அவர் மேஸ்திரியாகவும் அம்மா வேலைக்காரியாகவும் இருந்த பேண்டேஜ் துணி ஷெட்டின் இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. அப்போதெல்லாம் கத்தரிச் சத்தமும், துணி மடிக்கும் பெண்களின் கேலியும், தலையிலும் சோற்றிலும் வந்து விழும் பஞ்சுமாக இருக்கும். லீவு நாள் முழுக்க நான் அம்மாவின் காலடியில்தான் கிடப்பேன்.

ஒருநாள் கதை முடிந்து பார்த்தால், பெரிய துணிச் சுருள் ஒன்றைக் காணோம். சுருள்கள் அடுக்கிய உள்ளறையிலிருந்து கடைசியாக வந்தவள் அம்மா. கேள்வி கேட்கவில்லை அண்ணாச்சி. அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டார். இத்தனை நாள் ராசா கதை சொன்ன மனுசனா இவர்?

“அண்ணாச்சி, நீங்க எதுமேல உக்காந்து கதை சொன்னீய?” என்றாள் எதிரிலிருந்த அக்கா.

அவருடைய ஸ்டூலின் மேல் மெத்தைபோல அமுங்கிக் கிடந்தது அந்தச் சுருள்.

அம்மா கன்னத்தைத் தடவக்கூட இல்லை. “ராசா கதை இன்னும் முடியல போலயே அண்ணாச்சி” என்றாள்.

அண்ணாச்சி அந்தச் சுருளையே பிரித்து, வலது கையை விரல் நுனிவரை சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.