ஏழாம் தளத்துக் கதவு

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாதவர்கள் புத்தளப் பக்கத்துக் கண்டக்குழிக்குப் போய் றொமேஷிடம் நேரில் கேட்கலாம், எனக்கொன்றும் நட்டமில்லை. ஆனால் கதைக்கும்போது விரலால் மேசையில் தட்டுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து அவனுக்கு முன்னால் மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள். நான் ஒருமுறை செய்தேன். அவன் முகம் செத்துப்போயிற்று. அதற்குப் பிறகுதான் இந்தக் கதையை என்னிடம் சொன்னான்.

நடந்தது பட்டப்பகலில். பேய் பிசாசு எல்லாம் இருட்டினால்தான் வரும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்திருந்தால் அது சும்மா பம்மாத்து.

யுத்தம் முடிந்து ஏழெட்டு வருசம் இருக்கும். ஆலங்குடாவுக்கு வெள்ளைக்காரர்கள் வந்து, இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கத் தொடங்கிய காலம். றொமேஷுக்கு அங்கே ஒரு விடுதியில் வேலை. தங்க வந்த ஒருத்தன் ஊருக்குப் போகும்போது தன்னுடைய வீடியோ கேம் பெட்டியை இவனிடமே கொடுத்துவிட்டுப் போனான். அதற்குள் ஒரே ஒரு விளையாட்டு. ‘வெஸ்பர் நைன்’ என்று பேர்.

விண்வெளிக் கதை. ஏதோ ஒரு கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் பெரிய நிலையம். அதில் இருந்தவர்கள் எல்லோரும் செத்துப்போயிருப்பார்கள். நீங்கள் தனியே உள்ளே நுழைந்து நடக்க வேண்டும். என்ன நடந்தது என்று அந்த விளையாட்டில் ஒருத்தரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சுவரில் கீறியிருக்கும் ஒரு பேர், கவிழ்ந்து கிடக்கும் ஒரு கோப்பை, பாதியில் நின்றுபோன மணிக்கூடு... இப்படி அங்கங்கே ஒளித்து வைத்திருப்பதைப் பொறுக்கியெடுத்து, கதையை நீங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்காகவே உலகம் முழுக்கப் பொடியன்கள் நித்திரை முழித்து ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்தார்கள். றொமேஷும் கனமூலை என்கிற ஊரில் இருந்த அவனுடைய கூட்டாளி நௌஃபரும் சேர்ந்து, அந்த ஒளிந்த கதைகளைத் தமிழில் விளக்கி இணையத்தில் வீடியோ போட்டார்கள். பார்ப்பதற்கு நாலு பேர். அந்த நாலு பேரிலும் இவர்கள் இரண்டு பேர் அடக்கம்.

உள்ளதைச் சொன்னால், அந்த விளக்கங்களில் பாதி இவர்களுடைய மூளையில் உதித்ததே இல்லை. எல்லாம் றொமேஷின் அண்ணன் ஜூட்டுடையது. ஜூட், நாட்கணக்கில் கடலில் நின்று மீன்பிடிக்கும் பலநாள் படகில் தொழிலுக்குப் போகிறவன். கரைக்கு வந்தால் சோற்றுப் பீங்கானைக் கையில் பிடித்தபடி தம்பிக்குப் பின்னால் நின்று பார்ப்பான். நின்றால் வாய் சும்மா இராது.

“இவங்களைப் பேயும் கொல்லேல்ல, பிசாசும் கொல்லேல்லடா. தண்ணி முடிஞ்சு செத்திருக்கிறாங்கள். அந்தப் பீப்பாயைப் பாரன், எல்லாத்தையும் சரிச்சு வைச்சிருக்கு. கடைசிச் சொட்டுக்குத்தான் அப்பிடிச் சரிப்பாங்கள்.”

நௌஃபர் அதைக் கேட்டு வாயைப் பிளந்தான். அந்த வீடியோவுக்கு மட்டும் அறுநூறு பேர் வந்தார்கள்.

ஏழாம் தளத்தில் ஓர் இரும்புக் கதவு உண்டு. யாராலும் திறக்க முடியாத கதவு. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். ஜூட் ஒருமுறை பார்த்தான்.

“வெளியில செத்துக் கிடக்கிறது ரெண்டு பேர். கோப்பை மூண்டு. மற்றவன் உள்ளுக்க. அவன் தட்டித் தட்டிப் பாத்திருப்பான். கேக்க ஆளில்லை, அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

தட்டுவது பற்றி இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். படகுகள் பனிப்புகாரில் ஒன்றையொன்று தவறவிட்டால், அந்தப் பக்கத்துக் கடல்காரர்கள் படகின் பக்கப் பலகையில் தட்டுவார்கள். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. ‘நான் இங்கே’ என்று அர்த்தம். கேட்டவன் திருப்பித் தட்டுவான். ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. ‘கேட்டுவிட்டது, வருகிறேன்.’ பதில் வந்த பிறகு முதலில் தட்டியவன் கையை எடுத்துவிட வேண்டும். தொடர்ந்து தட்டினால் சத்தம் தண்ணீரில் சிதறி, வருகிறவனுக்குத் திசை தப்பும் என்பது அவர்கள் கணக்கு. பதில் தட்டியவனோ போயே தீர வேண்டும். வீட்டிலும் அண்ணனும் தம்பியும் இதை விளையாட்டாகச் செய்வார்கள். கிணற்றடியில் இருந்து ஜூட் வாளியில் தட்டினால், றொமேஷ் கதவில் பதில் தட்டிவிட்டுச் சவர்க்காரம் கொண்டுபோவான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்று பேயாட்டம் ஆடிய ஒரு வியாழக்கிழமை. விடியற்காலை கரைக்கு வந்திருக்க வேண்டிய ஜூட்டின் படகு வரவில்லை. படகில் இரண்டு பேர். ஜூட்டும், தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரில் இருந்து துரத்தப்பட்டு வந்த லத்தீப் நானாவும். பல வருசமாக இரண்டு பேருக்கும் கடலில் ஒரே சோற்றுப்பானை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. காலை எட்டு மணிக்கு இரண்டு படகுகள் தேடப் புறப்பட்டன. றொமேஷும் ஒன்றில் ஏறப்போனான். அவனுடைய அம்மா டொறத்தி தண்ணீருக்குள் இறங்கி வந்து அவன் சேட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஒருத்தன் கடலில நிக்கிறது போதும் எனக்கு. நீ வீட்ட வா.”

சேட்டில் இரண்டு பொத்தான் பிய்ந்தது. அவன் வீட்டுக்கு வந்தான்.

அம்மா முன்னறையில் முழங்காலில் நின்று செபமாலை சொல்லத் தொடங்கினார். றொமேஷ் அறைக்குள் போனான். இருந்தான், எழும்பினான், மறுபடி இருந்தான். சும்மா இருந்தால் புத்தி எங்கெங்கேயோ போனது. கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று விளையாட்டைப் போட்டான். அம்மாவின் செபத்துக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று ரீவியின் சத்தத்தை முழுக்க நிறுத்தினான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் தளத்தைப் படம் பிடித்துத் தரச்சொல்லி நௌஃபர் கேட்டிருந்தான். பழக்க தோசத்தில் கைபேசியைப் போத்தலில் சாய்த்து வைத்துப் பதிவை அழுத்தினான்.

கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. காற்று யன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. திரையில் இரும்புக் கதவுக்கு முன்னால் வந்து நின்றான்.

டொக் டொக்... டொக்.

கை அப்படியே நின்றது. யன்னலாக இருக்கும் என்று நினைத்தான்.

டொக் டொக்... டொக்.

யன்னல் இல்லை. விளையாட்டில் கதவை விட்டு நாலு அடி பின்னால் போனான். சத்தம் மெலிந்தது. கிட்டப் போனான். பலமாகக் கேட்டது.

அட கடவுளே! அவனுக்குப் புல்லரித்தது. பயத்தில் இல்லை, சந்தோசத்தில். உலகத்தில் ஒருத்தரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிட்டான்! உள்ளே ஆள் இருக்கிறது. அண்ணன் சொன்னது சரி. அண்ணன் வந்ததும் முதலில் இதைத்தான் காட்ட வேண்டும் என்று நினைத்தான். அந்த ஒரு நிமிசம் அண்ணன் கடலில் காணாமல் நிற்கிறான் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. பாவம், பொடியன்தானே.

கதவு மறுபடி தட்டியது. இரண்டு, ஒன்று. பழகிய கை. யோசிக்கவில்லை. விரலை மடக்கி மொளியால் மேசையில் தட்டினான்.

டொக்... டொக் டொக்.

முன்னறையில் செபம் நின்றது. கதிரை சரிந்து விழுந்தது.

“ஆரது? ஜூட்டே?”

அம்மா ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தார். மணல்தான் வீட்டுக்குள் வந்து விழுந்தது.

“நான்தான் அம்மா. சும்மா மேசையில தட்டினனான்.”

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி முழங்காலில் நின்றார்.

கதவுக்குள் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. எவ்வளவு காத்திருந்தும் வரவில்லை. றொமேஷ் பதிவை நிறுத்திவிட்டு அதே கைபேசியில் நௌஃபரைக் கூப்பிட்டான்.

“மச்சான், ஏழாம் தளத்துக் கதவு தட்டுதுடா!”

“விளையாடாத. அந்தக் கதவுக்குச் சத்தமே இல்ல.”

“கேட்டனான்டா. பதிலும் தட்டினனான்.”

“எங்க, ரீவியைக் கூட்டி வை. நானும் கேக்கிறன்.”

றொமேஷ் றிமோட்டை எடுத்தான்.

திரையின் மூலையில் ஒலிபெருக்கிப் படம். அதன் மேல் குறுக்குக் கோடு.

சத்தம் நிறுத்தித்தான் இருந்தது. காலையில் இருந்தே.



அப்போதுதான் மணந்தது. டீசல். மீன். ஊறிப்போன பலகை.

பிறகு... மூச்சு.

அந்த இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுகிறார்கள். ஆறுதலாக. யாரோ வரப்போகிறார்கள் என்று பொறுமையாகக் காத்திருக்கிறவர்களின் மூச்சு.

இரண்டு பேர்.

“மச்சான்...” கைபேசியில் நௌஃபரின் குரல். “அங்க ஆர் இருமுறது?”

றொமேஷ் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது.

இரண்டு மூச்சு...

இரண்டு...

பிறகு ஒன்று.

வயரைப் பிடித்து இழுத்தான். திரை கறுத்தது.

அந்த ஒரு மூச்சு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.

பொழுதுபட முன்னர் படகைக் கண்டுபிடித்தார்கள். குப்புறக் கவிழ்ந்து, அலைக்குள் அடிப்பாகம் மட்டும் தெரிய மிதந்துகொண்டிருந்தது. உள்ளே, படகின் கூடார அறைக்குள் கொஞ்சம் காற்று அடைபட்டிருந்திருக்கிறது. லத்தீப் நானாவை உயிரோடு இழுத்தெடுத்தார்கள். ஜூட்டின் உடம்பை அவருடைய கையில் இருந்து பிரித்தெடுப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம்.

செத்த வீட்டுக்கு வந்த நௌஃபர், பின்வளவில் நின்று அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டான். காற்று. காற்று. பிறகு றொமேஷ் மேசையில் தட்டுவது. பிறகு அம்மாவின் குரல். வேறு ஒன்றுமே இல்லை. நௌஃபர் அத்தோடு விடவில்லை. விளையாட்டைப் பிரித்து மேய்கிற ஆட்களிடம் கேட்டான். அந்தக் கதவுக்குப் பின்னால் அறையே இல்லை என்று சொன்னார்கள். சும்மா ஒரு சுவரில் கதவு மாதிரி ஒட்டியிருக்கிறார்களாம்.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து அம்மாவும் மகனும் லத்தீப் நானாவைப் பார்க்கப் புத்தளத்துக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. அம்மா பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணியை வார்த்தார். லத்தீப் நானா றொமேஷைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

“விடிய இருந்து தட்டினம் தம்பி. மாறி மாறி. கைத்தோல் உரிஞ்சி போச்சி. ஒருத்தனும் கேக்கல்ல. பொறவு பதில் வந்திச்சி. பன்னண்டு பத்துக்கு. என்ட மணிக்கூடு இருட்டில மினுங்கும், பாத்தன்.”

றொமேஷ் தலையைக் குனிந்தான். அவனுடைய கைபேசிப் பதிவிலும் அதே நேரம்தான் கிடந்தது.

“ஜூட் சிரிச்சான். ‘தம்பி கேட்டிட்டான் லத்தீப் நானா, இனித் தட்டாதீங்க’ எண்டான். கொஞ்ச நேரத்தில இஞ்சின் சத்தம் வந்திச்சி. கிட்ட. இஞ்சினை நிப்பாட்டிப் போட்டுக் காது குடுக்கிறானுகள். எனக்கு விளங்குது. தட்டக் கையத் தூக்கினன். ஜூட் புடிச்சிக்கிட்டான். ‘தட்டாதீங்க, வாறவனுக்குத் திசை தப்பும்’ எண்டான்.”

அவர் கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தார்.

“இஞ்சின் போயிரிச்சி தம்பி. அதுக்குப் பொறவு அவன் கன நேரம் இருக்கல்ல.”

அம்மா இன்னொரு கோப்பையில் தேத்தண்ணியை வார்க்கத் தொடங்கினார்.

“அல்லாஹ் மேல ஆணையா எனக்கும் கேட்டிச்சி. ஆனா ஒண்டு மட்டும் விளங்கல்ல. படகு கவுந்து கிடக்கு. தட்டுறவன் மேலதானே தட்டணும்? பதில் கீழ இருந்து வந்திச்சி. எங்கட காலுக்குக் கீழ, தண்ணிக்குள்ள இருந்து.”

துணி சுற்றிய கையைத் தூக்கிக் கட்டில் இரும்பில் தட்டிக் காட்டினார்.

டங்... டங் டங்.

தேத்தண்ணி கோப்பையை நிறைத்துக்கொண்டு தரையில் ஓடியது. அம்மா கவனிக்கவில்லை. அந்தத் தட்டு அவருக்குத் தெரியும். அதைக் கேட்டுத்தான் அன்றைக்கு வாசலுக்கு ஓடினார்.

மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். ஏசவில்லை. அழவில்லை. பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, தட்டிய அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரை விடவே இல்லை.

கேம் பெட்டியைக் கடலில் எறிந்துவிட்டார்கள். பிரயோசனமில்லை. கச்சான் தொடங்கினால் இன்றைக்கும் மத்தியான மணி ஓய்ந்த பிறகு அந்த வீட்டுத் தரைக்குக் கீழே கேட்கிறதாம். இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. அந்த மாதங்களில் டொறத்தி அம்மா மகனைக் கடற்கரைப் பக்கமே விடுவதில்லை. மத்தியானமானால் வாசலில் குறுக்கே பாய் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

பதில் தட்டியவன் போயே தீர வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

றொமேஷ் இன்னும் போகவில்லை.