நடுவில் விழுந்த உப்பு

அலுவலகத்தில் அவரை 'உப்பு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணுக்கே தெரியாத ட்ரான்சிஸ்டருக்குள் எலக்ட்ரான்கள் எப்படிக் கடக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் அவர் பொறுப்பு. கணக்கு சில சமயம் முரண்டு பிடிக்கும். எத்தனை சுற்று ஓடினாலும் ஒரு விடையில் நிற்காது. சமன்பாட்டில் மிகச் சிறிய கற்பனை எண் ஒன்றைச் சேர்த்தால் அடங்கிவிடும். அந்த எண்ணுக்குத்தான் அங்கே உப்பு என்று பேர். ட்ரான்சிஸ்டரின் இரண்டு முனைகளில் ஒரு சிட்டிகை போடலாம். நடுவில் கூடாது.

அன்று காலை அவர் வேலையை நிறுத்திவைத்தது ஒரு கோடு.

அவர் கொடுத்த முடிவை நம்பி, குழுத் தலைவி தொழிற்சாலைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: இந்த வடிவம், அணைத்து வைத்தால் மின்சாரம் அதிகம் ஒழுகாது, செய்ய ஆரம்பிக்கலாம். மதியம் வேலை தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் பல மாத உழைப்பு அதில் இறங்கிவிடும். உப்பு சார் சும்மா அழகுக்காக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மின்னோட்டத்தை வரைந்து பார்த்தார். உள்ளே போனதெல்லாம் வெளியே வரவேண்டும். கோடு தரையில் படுத்த மாதிரி கிடக்கவேண்டும். அது வலப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். சரிவு போகவில்லை. ஏன் என்றும் புரியவில்லை. அப்போது மனைவி போனில் வந்தாள்.

"சாப்பாட்டு டப்பாவத் தெறந்துட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"உப்பு கை தவறி எல்லாத்துலயும் விழுந்துடுச்சு. பாத்து சாப்பிடுங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

அவர் கண் திரையில் சரிந்திருந்த கோட்டுக்குப் போனது.

"என்னங்க, இருக்கீங்களா?"

"எல்லாத்துலயுமா?"

"தண்ணியத் தவிர."

போனை வைத்துவிட்டு நிரலைத் திறந்தார். ஒரே ஒரு வரி. 'முனைகளுக்கு மட்டும்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'எல்லாப் புள்ளிகளுக்கும்' என்று இருந்தது. எழுதியது அவரேதான். நடுவில் விழுந்த உப்பு எலக்ட்ரான்களை வழியிலேயே தின்றிருக்கிறது. ஒழுக்கு குறைவு என்று எல்லோரும் கைதட்டினார்களே, அது காணாமல் போனவற்றுக்கான கைதட்டல்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? கோட்டைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். தலைவியின் கண்ணாடிக் கதவுவரை போய், தண்ணீர் குடிக்க வந்தவர்போலத் திரும்பினார். தாகமே இல்லாமல் இரண்டு டம்ளர் குடித்தார். மறுபடி போனார்.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"உப்பு நடுவுலயும் விழுந்திருக்கு மேடம்."

தலைவியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "ஒழுக்கு எவ்வளவு கூடும்?"

"திருப்பி ஓட்டினாத்தான் தெரியும். சாயங்காலம் ஆயிடும்."

அவரையே பார்த்தபடி தலைவி தொழிற்சாலைக்குப் போன் போட்டார். "ஆரம்பிக்காதீங்க... ஆமா, நான் சொன்னதுதான். இப்ப நான்தான் வேண்டாங்கிறேன்." அந்தப் பக்கம் நெடுநேரம் கத்தினார்கள். இவர் தரையைப் பார்த்து நின்றார்.

சாயங்காலம் கோடு நேராக வந்தது. ஒழுக்கு மூன்று மடங்கு. தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"படுத்துடுச்சு."

"கோடா, வேலையா மேடம்?"

"ரெண்டும்தான்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இனிமே நீங்க எழுதுற ஒவ்வொரு வரியையும் நானும் பாக்கணும்."

அது துணையா, சந்தேகமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தலைவி போனபிறகு டப்பாவைத் திறந்தார். கரித்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.