ஒவ்வொரு வரியிலும் மாரீஸ்வரி

எந்த நிரல் கோப்பைத் திறந்தாலும் மாரீஸ்வரி முதலில் அதன் கடைசி வரிக்குத்தான் போவாள். அங்கே ஒரு காலி வரி இருக்க வேண்டும், ஒன்றே ஒன்று. கூடுதலாக இருந்தால் அழிப்பாள், இல்லாவிட்டால் தட்டி வைப்பாள். பிறகு கீழிருந்து மேலே ஏறி வருவாள். வரி முடிந்த பின்னும் யாரோ யோசித்துக்கொண்டே தட்டிவிட்டுப் போன வெற்றிடங்கள், அவள் திரையில் மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும்படி வைத்திருந்தாள். வலது சுண்டுவிரல் அவற்றை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போகும். உதடு லேசாக அசையும். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

தேனியில் பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். முதலாளி சுருளிராஜன் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்தவர். விற்பனை படுத்ததும் மென்பொருள் பக்கம் திரும்பினார். கம்பத்துத் திராட்சை மண்டி ஒன்றுக்காக வேலை நடந்தது. தோட்டத்தில் பெட்டியைத் தராசில் வைத்ததும் எடை ஃபோனில் பதிவாகி, மண்டிக் கணக்கில் போய் உட்கார வேண்டும். ஃபோன் பகுதியை எழுதியவன் குமுளிக்காரன் ஜாஸ்பர். சர்வர் பகுதி மூத்தவரான முத்துராஜாவுடையது. மண்டியில் திறந்து பார்க்கும் பக்கம் மாரீஸ்வரியுடையது. மூன்று பகுதி, மூன்று கணினி மொழி.

அவளுடைய கணவன் விஜய்பாண்டிக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் இருந்தவள், குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு இந்த ஒரு வேலைக்காகத்தான் தினமும் தேனிக்குப் பஸ் ஏறினாள். இதை விட்டால் அந்தப் பள்ளத்தாக்கு நெடுக அவள் படிப்புக்கு வேறு நாற்காலி கிடையாது. அது அவளுக்கும் தெரியும், சுருளிராஜனுக்கும் தெரியும்.

வந்த புதிதில் அவள் கேட்டாள்: “முத்துராஜாண்ணே, நீங்க ‘பெட்டி’ங்கிறீக, ஜாஸ்பர் ‘கிரேட்’ங்கிறான், நான் எடுத்த பக்கத்துல ‘பாக்ஸ்’னு கெடக்கு. மூணும் ஒரே பொருளா?”

“பேரு வச்சு அதுக்குக் காதா குத்தப் போறோம்? ஓடுதுல்ல, விடுங்க மேடம்.”

அவள் விடவில்லை. மூன்றையும் ஒரே மொழிபோல எழுதச் சொல்கிற முட்டாள்தனம் அவளிடம் இல்லை. அந்தந்த மொழியின் வழக்கம் அந்தந்த மொழிக்கு. ஆனால் ஒரு பொருளுக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயர். எங்கே எத்தனை இடம் விடுவது, எங்கே வரியை மடிப்பது என்று விதிகள் எழுதினாள். விதிக்கு உட்படாத வரியை உள்ளேயே விடாத கருவி ஒன்றையும் பொருத்தினாள். தினமும் காலையில் முத்துராஜா கேட்பார்: “என்ன மேடம், வாசல் தெளிச்சாச்சா?” ஜாஸ்பரைப் பார்த்துக் கண்ணடிப்பார். “எங்க வீட்ல இருக்கவ கூட இம்புட்டுக் கூட்ட மாட்டாப்பா.” ஜாஸ்பர் சிரிப்பான். சிரித்த பிறகு அவள் பக்கம் பார்க்க மாட்டான்.

அதுவரை நிரல் பென்டிரைவில்தான் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது. எது புதுசு, எது பழசு என்று எழுதியவருக்கே தெரியாது. மாரீஸ்வரி மூன்றையும் வாங்கி, வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தி, எல்லாருக்கும் பொதுவான ஓர் இடத்தில் ஏற்றினாள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவர் கணினிக்கும் போய்ப் பழைய காப்பிகளைத் தேடி எடுத்தாள்.

“ஒன்னு மிஞ்சுனாலும் எவனாச்சும் மறந்தாப்புல அதுல எழுதிருவான். அழிச்சிரவாண்ணே?”

“அழிச்சிருங்க தாயே. புண்ணியமாப் போகும்.”

பென்டிரைவுகளையும் துடைத்து வைத்தாள். அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்காமல், மனசுக்குள் அந்த ஒழுங்கையே பார்த்துக்கொண்டு போனாள்.

மண்டி அறுவடை நேரத்தில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. கொஞ்ச நாளில் தோட்டக்காரர்கள் மண்டியை வளைத்துக்கொண்டார்கள். தோட்டத்துத் தராசு சொல்வதும் மண்டிக் கணக்கு சொல்வதும் ஒத்துப்போகவில்லை. ஃபோன் பகுதி காலிப் பெட்டியின் எடையைக் கழித்துத்தான் அனுப்பியது. சர்வர் அதை மறுபடியும் கழித்தது. யார் செய்த வேலை என்று சொல், அவரை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் உன் சாமானே வேண்டாம் என்று மண்டிக்காரர் சுருளிராஜனிடம் கத்திவிட்டுப் போனார்.

மறுநாள் வழியில் பஸ் நின்றுபோய் அவள் தாமதமாகத்தான் வந்தாள். சுருளிராஜன் அறையில் முத்துராஜாவும் ஜாஸ்பரும் ஏற்கெனவே இருந்தார்கள். திரையில், எடையை இரண்டாம் முறை கழிக்கும் அந்த வரி. எந்த வரி யாருடையது என்று ஓரத்தில் காட்டும் வசதியை முத்துராஜா திறந்து வைத்திருந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்.

“என்ன ஆத்தா இது, எல்லா வரிலயும் ஒம் பேருதான் நிக்கிது?” என்றார் சுருளிராஜன்.

“நான் எழுதலண்ணே. சுத்தம் பண்ணி ஏத்துனேன். ஏத்துன ஆளு பேரத்தான் அது காட்டும்.”

“அப்ப எழுதுனது யாரு?”

அவள் முத்துராஜாவைப் பார்த்தாள். அவர் ஃபோனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

“சர்வரு அண்ணனோடதுதான?”

“நான் குடுத்தப்ப இப்பிடி இல்ல மேடம்,” என்றார் முத்துராஜா, தலை நிமிராமல். “நீங்கதான் எல்லாத்தையும் மாத்துனீக.”

“பழச எடு, பாத்துருவம்,” என்றார் சுருளிராஜன்.

ஜாஸ்பர் தண்ணீர் கேனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பழசு இல்லண்ணே. நாந்தான் அழிச்சேன்.”

அந்த வரி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்ததை நாலு இடம் தள்ளி நேராக நிறுத்தியது அவள்தான். எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். எதைக் கழிக்கிறது என்று பார்க்கவில்லை. அதைச் சொன்னாலும் அங்கே யாருக்கும் அது ஒரு பதிலாக இருந்திருக்காது.

“கொஞ்ச நாளைக்கு வீட்ல இரு. கூப்புடுறேன்,” என்றார் சுருளிராஜன்.

கூப்பிடவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைகளுக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள், நீங்களாக என்ன உருவாக்கினீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் எழுதியதை ஒழுங்காக வைத்திருந்தேன் என்று சொன்னபோது, அவள் குரலே அவளுக்கு மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது. கடைசியில் கம்பத்தில் ஓர் ஆன்லைன் சென்டரில் உட்கார்ந்தாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் திருத்தம். வருகிறவர்கள் அவளை “ஏத்தா, சீக்கிரம் தட்டு” என்றார்கள்.

ஒரு வருஷம் கழித்துக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஜாஸ்பரைப் பார்த்தாள். அவனும் அங்கிருந்து விலகி எர்ணாகுளம் போய்விட்டானாம். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்து முடித்ததும் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான்.

“சேச்சி, ஒன்னு சொல்லணும். அன்னைக்கு நீங்க வர்றதுக்கு முந்தியே முத்துராஜாண்ணன் மொதலாளிகிட்ட ஒத்துக்கிட்டாரு. ‘வரி என்னுதுதான், ஃபோன்லயே கழிக்கிறத மறந்துட்டேன்’னு. நானும் அங்கனதான் நின்னேன்.”

“அப்பறம் ஏன்டா...”

“அதுக்கு மொதலாளி சொன்னாரு: ‘ஒன்னய அனுப்புனா சர்வரு படுத்துரும், எல்லாத்தையும் மண்டைக்குள்ளயே வச்சிருக்க. மாரியப் போகச் சொன்னா ஒன்னும் நிக்காது. அவதான் எவனும் படிக்கிற மாதிரி எழுதி வச்சிருக்காளே.’”