புதன்கிழமை அறையின் பெயர்ப்பட்டியல்

நேசமணி அன்ரி ஹொல்ம்லியாவில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்கிறார். சப்பிச் சாப்பிட முடியாதவர்களுக்கு உணவை அரைத்து, அது மீனா கரட்டா என்று பார்த்தாவது தெரியும்படி கோப்பையில் வைப்பது அவருடைய பொறுப்பு. இளவாலையில் பிறந்தவர். வந்த புதிதில் நோர்வேயின் வடக்குக் கரையில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். கணவர் இல்லை. மகள் லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறாள். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். நான் எழுத நினைப்பது அவருடைய புதன்கிழமைகளைப் பற்றி.

புதன் பின்னேரங்களில், நூலகத்துக்குப் பக்கத்து அறையில், ஏழு வருடங்களாக அவர் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினார். அறையும் புத்தகங்களும் தேநீரும் பிதேல், அதாவது எங்கள் வட்டாரசபை, கொடுத்தது. யாராவது ஒரு பக்கம் வாசிப்பார்கள், எந்த மொழியிலும். விளங்கியவர் மற்றவர்களுக்குச் சொல்வார். பிறகு எல்லோரும் அதைப் பற்றிக் கதைப்போம். தமிழர், சோமாலியர், எரித்திரியர், யூருன் என்ற ஓய்வுபெற்ற நோர்வேஜியத் தபால்காரி என்று இருபது பேருக்குக் குறையாது. ஒருநாள் யூருன், திரும்பி வராத ஒரு படகைப் பற்றி வாசித்தார். அன்றைக்குத்தான் கமலேஸ்வரி அன்ரி தன் தம்பியைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தார். அவரோடு முப்பது வருடமாக ஒரே கோயிலுக்குப் போகும் என் அம்மாவுக்கு, அப்படியொரு தம்பி இருந்ததே தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தது பண்பாட்டு வரலாறு. அப்பா இன்னமும் சொந்தக்காரர்களிடம் 'நிர்வாகம் படிச்சவள்' என்கிறார். ஆகவே, இந்த வசந்தத்தில் பிதேல் பண்பாட்டுச் செலவுகளைக் குறைக்கப்போகிறது, விரும்பியவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்தபோது, என் படிப்புக்கு வேலை வந்துவிட்டதாக நினைத்தேன்.

"நீர் எழுதும், பிள்ளை. என்ரை நொர்ஸ்க் பாஷை சமையலறைக்குத்தான் காணும்" என்றார் நேசமணி அன்ரி.

இரண்டு பக்கம் எழுதினேன். ஜனநாயகம், நினைவு, அடையாளம், எல்லாம் இருந்தது. பங்குபற்றுவோர் எண்ணிக்கை என்ற இடத்தில், அலுமாரியில் கிடந்த வரவுத்தாளைப் பார்த்து ஆறு என்று போட்டேன். ஒவ்வொரு புதனும் அறையில் கதிரை தேடி அலைந்தவள் நான். ஆனாலும் தாளில் இருப்பதுதான் சரியென்று எனக்குப் பட்டது. அன்ரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வட்டாரசபைக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் அந்த ஆறில் விரலை வைத்தார். "ஆறு பேருக்கு ஒரு அறையா? இதைக் கோயிலிலோ சங்கத்திலோ செய்யலாமே?"

அன்ரி எழுந்து, நான் எழுதிக் கொடுத்ததைப் பாராமல், தன் சமையலறை நொர்ஸ்கில் சொன்னார்: "அங்கே நான் யாருடைய மகள், யாருடைய மனைவி என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. அதனால்தான் கதைக்க முடிகிறது. வருகிறவர்கள் ஆறு இல்லை. இருபதுக்கு மேல்."

என் இரண்டு பக்கத்திலும் அந்தக் காரணம் இல்லை. பொதுப்பணத்தில் ஒரு அறை ஏன் வேண்டும் என்று இன்று யாராவது கேட்டால், நான் சொல்வதும் அதைத்தான்.

"அப்படியென்றால் இரண்டு கிழமைக்குள் கையெழுத்தோடு பட்டியல் தாருங்கள்" என்றார் உறுப்பினர். கெட்ட மனிதரில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வெளியே படியில் அன்ரி நின்றுவிட்டார். "வட்டம் துவங்கின முதல் கிழமை, பேர் எழுதத் தாளைச் சுத்தி விட்டனான். மூண்டு பேர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போயிட்டினம். கமலேஸ்வரியின்ரை தம்பியைப் பட்டியலிலை பேர் பாத்துத்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள். அந்த எரித்திரியக்காரருக்குத் தன்ரை தூதரகத்துக்குப் பயம். அதுக்குப் பிறகு விரும்பின ஆக்கள் மட்டும்தான் எழுதினவை."

"இதை உள்ளுக்கையே சொல்லியிருக்கலாமே, அன்ரி."

"அவையின்ரை பயத்தைச் சபையிலை வித்தோ எனக்கு அறை வேணும்?"

நான் விடவில்லை. "இது நோர்வே, அன்ரி. இஞ்சை ஒருத்தரும் பேர் பாத்துப் பிடிக்க வரமாட்டினம். கையெழுத்து இல்லாட்டி அறை இல்லை." நன்றாகப் படித்தவளின் குரலில் சொன்னேன். அவர் "சரி" என்று சொல்லிப் படியிறங்கினார்.

அடுத்த புதன் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, தாளை அவரே ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனார். கமலேஸ்வரி அன்ரி பேனையை வாங்கி, "என்னடி, என்ரை காணியை எழுதி வாங்கப் போறியோ?" என்றார்.

"உன்ரை காணியிலை பனங்கொட்டை தவிர என்ன கிடக்கு? போடு."

எல்லோரும் சிரித்தார்கள். எரித்திரியர் பெயரை மிக மெதுவாக எழுதினார். இருபத்து மூன்று கையெழுத்து. நான் அன்றே படமெடுத்து அனுப்பினேன்.

அதற்கடுத்த புதன் ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்தது ஐந்து. ஈஸ்டர் விடுமுறை என்று நினைத்தோம். விடுமுறை முடிந்தும் ஐந்துதான். அப்போதுதான் பிதேலின் பதில் வந்தது: பங்கேற்பு சிறப்பாக இருப்பதால் வட்டம் இன்னும் ஒரு வருடம் தொடரலாம்.

கமலேஸ்வரி அன்ரிக்குப் போன் செய்தேன். "கோபமெண்டு நினைக்காதை பிள்ளை" என்றார். "நேசமணி கேட்டவள், அவளுக்காகப் போட்டனான். ஆனா இப்ப அங்கை நான் வாய் திறந்தா, ஆர் கதைச்சதெண்டு எழுதிக் கிடக்கும்." பிறகு அம்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டார்.

பட்டியலைத் திரும்பக் கேட்டு எழுதினேன். ஆவணமாகப் பதிவாகிவிட்டது, அழிக்க முடியாது என்று மரியாதையான பதில் வந்தது. அதைப் புதன் அறையில் நேசமணி அன்ரியிடம் காட்டினேன். ஒருமுறை என்னைத் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் மேலதிகக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிச் சுவரோரம் தள்ளினார்.

"நீர் வாசியும், பிள்ளை" என்றார். "யூருன் பாத்துக்கொண்டிருக்கிறா."

வாசித்தேன். வாசித்து முடிந்தபிறகு யாரும் எதுவும் கதைக்கவில்லை.